கொறடா கூப்பிடாத ஒருவர்

"காலரைப் பாரு. கோணலா இருக்கா?"

என் கணவர் சட்டையை இஸ்திரி மேஜையில் திருப்பிப் போட்டார்.

"ஆள்தான் கோணல். சட்டை நேராத்தான் இருக்கு" என்றேன்.

சிரித்தார். நான் நூலக வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் திரும்பியபோது சட்டை மேஜையிலேயே இருந்தது.

அவர் தரையில் கிடந்தார்!

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி...

அவர் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் சொந்தக் கட்சிக்கு எதிராகவே ஓட்டுப் போடுவார். பதவியைப் பறிக்காமல் கட்சித் தலைவரும் ஒவ்வொரு தடவையும் மன்னித்துவிடுவார். ஏரியை மூட வந்த மசோதாவை அப்படித்தான் எதிர்த்தார். கேட்டால், "வீடு நம்மளதுதான். அதுக்காகக் கூரை ஒழுகுதுன்னு சொல்லக் கூடாதா?" என்பார்.

ஊரே கொண்டாடியது. எனக்கு எரியும். சட்டமன்றம் எனக்குச் சக்களத்தி.

நான் என் பொறாமையை வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். சொல்லாமல் உள்ளே வைத்துப் புழுங்கியவர்களும் இருந்தார்கள்.

"எதிரிங்க யாராவது?" இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார்.

"எதிர்க்கட்சிக்காரங்களே இவர்கூட உட்கார்ந்து டீ குடிப்பாங்க."

"அப்ப சொந்தக் கட்சியில பார்ப்போம்."

சபையிலிருந்து என் தம்பி ஓடி வந்தான். கட்சிக் கொறடா. ஓட்டெடுப்பு நாளில் உறுப்பினர்களைத் துரத்திப் பிடித்துச் சபையில் உட்கார வைப்பது அவன் வேலை.

"மாமா போயிட்டாராக்கா..." என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இன்ஸ்பெக்டர் அவனை அழுது முடிக்க விட்டார்.

"இன்னிக்கு ஓட்டெடுப்பு என்ன ஆச்சு சார்?"

"குடிநீர் மசோதா. ஒரே ஒரு ஓட்டுல தோத்துட்டோம்."

"ஆள் குறைஞ்சா போன் போட்டுக் கூப்பிடுவீங்க இல்ல?"

"அதானே மேடம் என் பொழைப்பு. பல் பிடுங்கப் போனவரையே வாயில பஞ்சோட இழுத்துட்டு வந்தேன்."

இன்ஸ்பெக்டர் என் கணவரின் போனை நீட்டினார்.

"இதுல இவர் எடுக்காத அழைப்பு எவ்வளவோ இருக்கு. உங்களோடது ஒண்ணுகூட இல்லையே..."

தம்பியின் கை என் தோளிலிருந்து நழுவியது.

"எதிர்த்துப் போடுவாருன்னு... விட்டுட்டேன்."

"அப்படின்னா முந்தின நாளே உன்னை நேர்ல பார்த்துச் சொல்லிடுவாரேடா" என்றேன். "ஒரு தடவைகூட அவர் அதுல தவறினதில்லை. நேத்து சொன்னாரா?"

தம்பி பின்னால் நகர்ந்தான். நான் விடவில்லை.

"என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'நாளைக்கு உன் தம்பிக்கு ஒரு வேலை மிச்சம். நான் அவன் பக்கம்'னார்."

"ஆள் எடுக்க மாட்டார்னு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் கொறடா கூப்பிடாம இருப்பான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

தம்பி சுவரில் சாய்ந்தான்.

"தலைவர் மாமாவை மந்திரி ஆக்கறேன்னுட்டார்க்கா. வரிசையில நின்னு நின்னு எனக்குக் கால் வீங்குது. அவர் வரிசையைத் தாண்டினா கைதட்டல், பதவி... காலையில வந்து, எனக்கு விட்டுக் குடுங்கன்னு கேட்டேன்."

"மாட்டேன்னாரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"'எடுத்துக்கோடா'ன்னார்."

நான் அவனையே பார்த்தேன்.

"குடுத்துட்டாராடா?"

"உடனே! தலைவர்கிட்ட சொல்றதுக்குப் போனை எடுக்கத் திரும்பினார். அவ்வளவு சுலபமாக்கா? ராத்திரி பகலா நான் ஏங்கினது அவருக்கு ஒண்ணுமே இல்லை. அதையும் அவர் போட்ட பிச்சையாத்தான் நான் வாங்கணுமா? பெட்டி கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"உன் மாமா எத்தனையோ தடவை கட்சியை மீறினார். ஒரு தடவைகூடத் தோக்கடிச்சதில்லை" என்றேன். "அதை நீதான்டா பண்ணியிருக்கே."

சபைக் குறிப்பில், அன்றைய ஓட்டெடுப்புக்கு என் கணவர் 'காரணம் தெரிவிக்காமல் வரவில்லை' என்று பதிவாகியிருக்கிறது. இன்றுவரை யாரும் திருத்தவில்லை.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டியவர் கொறடா.

அவர் ஜெயிலில் இருக்கிறார்.