கண்ணுக்குக் கீழே இருப்பவள்

மீனை முள் நீக்கித் தம்பியின் தட்டில் வைத்துக்கொண்டிருந்த மிசாவோ, முகத்தில் ஏதோ ஊர்வதுபோல் இருக்கவே நிமிர்ந்தாள். ஷுன்ஜி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது அவன் பார்வை சூப் கிண்ணத்தில் கிடக்கும். இல்லாவிட்டால் அவள் விரல்களில். முகத்துக்கு ஏறியதே இல்லை.

"என்னடா, மூக்குல செதில் ஒட்டியிருக்கா?"

"வாய் சிரிக்குது. கண்ணு சிரிக்கல." அவன் தலையைச் சாய்த்தான். "அக்கா, ஹயாசே மேடத்தைப் பத்திப் பேசினா உனக்குப் பொறாமை வருதா?"

கூரைக்கு மேலே கனாஸாவா நகரின் குளிர்கால இடி, பலகைமேல் பீப்பாயை உருட்டினாற்போல் கடந்து போனது.

"பொறாமையா? அந்தக் குச்சிக்காலி மேலயா? சூப்பைக் குடிடா, ஆறுது."

சொல்லிவிட்டாள். ஆனால் கையிலிருந்த முள் தட்டில் விழவில்லை; விரலில் ஏறியிருந்தது.

கல்லூரி நாளில் மனச்சிதைவு நோய் வந்து, காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கிய பிறகும், மனிதர் முகங்கள் மட்டும் ஷுன்ஜிக்கு விளங்காமலே நின்றன. மிசாவோதான் எல்லாம் படித்துச் சொன்னாள். மீன்கடைக்காரர் கோபமா என்று கேட்பான். "இல்லடா, அவருக்குப் பொறந்ததுலேர்ந்தே அந்த மூஞ்சிதான். பொண்டாட்டியே பழகிட்டா." பக்கத்து வீட்டுக்காரி ஏன் பல்லைக் காட்டுகிறாள் என்பான். "புதுப் பல்லு கட்டியிருக்கா, ஊருக்கே காட்டுறா." அந்த வீட்டில் உலகம் அவள் வாய் வழியாகத்தான் அவனுக்குள் போனது. அதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. அவன் வேலைக்குப் போன, நோயாளிகள் ரொட்டி சுடும் பட்டறையில் சுமிரே என்ற பெண் தினமும் இவனுக்கென்று ஒரு பன்னை எடுத்துவைத்து, இவனைக் கண்டால் வெட்கப்பட்டுச் சிரித்தபோது, "அவ ஏன்க்கா சிரிக்கிறா?" என்று கேட்டான். "உன்னைக் கேலி பண்றாடா." மறுநாளிலிருந்து அவன் பட்டறைக்குப் போகவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு சிகிச்சை. ஊசியில்லை, கத்தியில்லை. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சைத் தலையில் வைத்துக் கட்டி, லேசாக மின்சாரம் விடுவார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்குமாம். அது முடிந்ததும் கண்கள் மட்டும் தெரியும் படங்களைக் காட்டி, இது பயமா, வருத்தமா, சந்தேகமா என்று கேட்டுப் பயிற்சி. ஆஸ்பத்திரியில் எல்லாரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள். அந்தச் சிகிச்சையைத் தரும் ஹயாசேயும் அப்படித்தான். ஆகவே ஷுன்ஜி மனிதர்களைக் கண்களாகவே கற்றான்.

சாயந்திரம் திரும்பி வரும்போது அவன் காதுக்கு மேலே முடி இரண்டாகப் பிரிந்திருக்கும். பஞ்சு வைக்க இன்னொருத்தியின் விரல் பிரித்த வகிடு. தோலில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மிசாவோ வெந்நீரில் துண்டை நனைத்து அதைத் துடைப்பாள். உப்பு போகும். வகிடு மட்டும் எவ்வளவு சீவினாலும் மறுபடி பிரிந்துகொள்ளும்.

"மேடத்துக்கு இன்னைக்குத் தூக்கமே இல்ல, பாவம்."

"சொன்னாளா?"

"கண்ணுல இருந்துச்சு."

துண்டைப் பிழிந்தாள். துணி கிறீச்சிட்டது.

அந்த வாரம்தான் அவன் அலமாரியிலிருந்து முகக்கவசம் ஒன்றை எடுத்து வந்து நீட்டினான். "வீட்லயும் போட்டுக்கோக்கா. உன் வாயும் கண்ணும் வேற வேற சொல்லுதா, எனக்குத் தலை வலிக்குது. கண்ணு மட்டும்னா புரியும்."

கோபம் வந்தது. ஆனால் ஹயாசேயை அவன் பார்க்கும் பார்வை தன்மேலும் விழட்டுமே என்ற ஆசையும் வந்தது. போட்டுக்கொண்டாள். சமைக்கையில், துணி மடிக்கையில், அடியில் கணப்பு வைத்த சூட்டு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டி ஆரஞ்சு உரிக்கையில். சொந்த மூச்சின் ஈரம் உதட்டில் படிந்தது. முதலில் அரிசி வேகும் மணம்போல் இருந்தது. பிறகு வேறொரு வாடை சேர்ந்தது. பல நாள் மூடிக்கிடந்த பாத்திரத்தின் வாடை. மாற்றினாள். புதியதிலும் அதே வாடை.

இரண்டொரு நாளில் ஹயாசே அவளை ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னாள்.

"நல்லா முன்னேறியிருக்காருங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"மூணு பேருன்னு சொல்றாரு. அக்கா, தான், அப்புறம் அக்காவுக்குக் கீழ இருக்கற ஒருத்தி." ஹயாசேயின் கண்கள் இடுங்கின. "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறாரா?"

"நான்தான் என் கையால குடுக்குறேன்," என்றாள் மிசாவோ. 'என் கையால' என்பதை அழுத்திச் சொன்னாள். சொல்லும்போது முகக்கவசத்துக்குள் உதடு பக்கவாட்டில் விரிந்தது. அவள் விரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பனி கொட்டத் தொடங்கி, பகலே இருட்டிவிட்டது. சத்தமெல்லாம் பனிக்குள் புதைந்து, கெட்டிலின் சீறல் மட்டும் கேட்டது. ஷுன்ஜி மேசையருகே உட்கார்ந்திருந்தான்.

"சுமிரே கேலி பண்ணலக்கா," என்றான். "இன்னைக்கு அவளைப் பஸ் ஸ்டாப்புல பாத்தேன். அவ கண்ணு அப்படி இல்ல."

மிசாவோ அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். போய்விட்டான். பஞ்சும் உப்புத்தண்ணியும் வைத்து அவனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"நாளையிலேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதடா."

அவன் அவள் கண்களையே பார்த்தான். பிறகு பார்வையை மெல்லக் கீழே இறக்கி, முகக்கவசத்தில் நிறுத்தினான்.

"இதை நீ சொல்றியா? அவ சொல்றாளா?"

"எவடா?"

"மாஸ்க்குக்குள்ள இருக்கறவ. உன் கண்ணு பயந்திருக்கு. அவ பயப்படல." குரலைத் தாழ்த்தினான். "மொதல்ல சின்னதா இருந்தா. நீ அவளை மூடிவெச்சதுலேர்ந்து நல்லா வளந்துட்டா."

"நீதானேடா போடச் சொன்னே!"

"ஆமா. தப்புப் பண்ணிட்டேன். எடுத்துடாதக்கா. அவளுக்குப் பிடிக்காது."

மிசாவோ எழுந்தாள். குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். கண்ணாடியில் பழைய முகம்தான். கண் கலங்கியிருந்தது. அதற்குக் கீழே முகக்கவசத்தின் வெள்ளைத் துணி. பல்லைக் கடித்து உதட்டை இறுக மூடினாள். மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

துணி அசைந்தது.

உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. நடுவில் மடிந்து, நிமிர்ந்து, மறுபடி மடிந்தது. பேசுகிற வாயைப் போல.

கதவுக்கு அப்பால் ஷுன்ஜி.

"சரிக்கா."

அவள் எதுவும் சொல்லவில்லை.

"சரி. ஆஸ்பத்திரிக்குப் போகல."

பற்கள் இறுகியிருந்தன. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

"சுமிரேயையும் பாக்க மாட்டேன். அழாதக்கா. உன்னை விட்டு எங்கயும் போக மாட்டேன்."

இத்தனை வருஷமாய் அவன் வாயிலிருந்து கேட்க ஏங்கிய வார்த்தை. நெஞ்சில் குப்பென்று ஒரு சந்தோஷம் பாய்ந்தது. அந்தச் சந்தோஷம்தான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. காதோரக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அறுந்தது. கையோடு வந்தது.

கண்ணாடியில் அவள் வாய். மூடியிருந்தது. வெளுத்து, உயிரில்லாமல்.

கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி யாருக்கோ தலையாட்டுவதுபோல், "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளங்கையில் துணி. ஈரமாக. வெதுவெதுப்பாக.

குழிந்தது.

உப்பியது.