நம்பருக்கு விட்ட இடம்

செத்தவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

பெயர் செல்லன். மலேசியாவில் கோலசிலாங்கூருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர். முழங்கால் வலி வந்தபிறகு தொழிலாளர் வரிசை வீடான லயத்தைவிட்டு எங்கும் போவதில்லை. தாம் செத்துப்போன செய்தியையே மருமகள் லீலாவதி சந்தையிலிருந்து வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

"எப்பத் தவறினேனாம்?" என்று ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"பொங்கலுக்கு முன்னாடியாம், மாமா."

"அப்ப பொங்கலன்னைக்கு மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டது யாரு?"

லீலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். 1986 தை மாதம், சனிக்கிழமை காலை. ஆற்றுப் பக்கமிருந்து கிளம்பிய பனி இன்னும் கலையாமல் லயத்துக் கூரைகளை மூடிக்கொண்டிருந்தது.

சந்தையில் தஞ்சோங் காராங் ஊர் கங்காவைப் பார்த்ததில் வந்த வினை இது. கங்காவின் மூத்த மகள் கல்யாணத்துக்கு மணவறை கட்டியது லீலாவதிதான். இரண்டாவது மகளுக்கு வேறு ஆளிடம் சொல்லிவிட்டார்கள் என்று காதில் விழவே, உரிமையோடு கேட்டாள். கங்கா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"உங்க மாமனார் தவறியிருக்காரு. துக்க வீட்டுக் கையால மணவறை கட்டச் சொல்லலாமா, நீயே சொல்லு. பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி என் மகன் போன் பண்ணான். அப்படித்தான் சொன்னாங்க."

"யாரு சொன்னது? எந்த நம்பர்ல?"

"அதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அவன் சிங்கப்பூர் போயிட்டான் லா."

லீலாவதியின் வீட்டில் போன் கிடையாது. லயத்து வீட்டுக்குப் போன் எங்கே வரும்? அதனால் அவளுடைய விசிட்டிங் கார்டில் டவுனில் உள்ள மூன்று கடைகளின் நம்பர்கள் இருந்தன: நல்லசாமி துணிக்கடை, திலகம் தையற்கடை, சோமு போட்டோ ஸ்டூடியோ. யார் கூப்பிட்டாலும் மாதம் ஒரு சிறு வாடகைக்குக் கடைக்காரர் விவரம் கேட்டு வைப்பார். அவள் நாள்தோறும் போய்க் கேட்டுக்கொள்வாள். அந்த மூன்று கடைகளிலும் பொங்கலுக்குப் பிறகு ஒரு செய்திகூட இல்லை. முகூர்த்தங்கள் நிறைந்த தை மாதத்தில்!

பால்மரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் அவள். இந்தத் தை கைவிட்டால் மறுபடி தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் முன்னால் போய் நிற்கவேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெரிய போர்டு ஒன்று வேறு எழுதக் கொடுத்திருந்தாள். 'லீலாவதி மணவறை அலங்காரம்' என்று சிவப்பு எழுத்தில் முடித்துவிட்டார் பெயிண்டர் வீரன். 'போன்' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தார். ஒரு நம்பருக்குத்தான் இடம். எந்தக் கடை நம்பர் என்று சாயங்காலத்துக்குள் சொல்லவேண்டும்.

நேற்றுவரை அவள் மனம் சோமுவின் பக்கம்தான் சாய்ந்திருந்தது. திலகம் நல்லவள்தான், ஆனால் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சமைக்கப் போய்விடுவாள், போன் அடித்தால் அடித்துக்கொண்டே கிடக்கும். நல்லசாமி ஞாயிற்றுக்கிழமைகூடக் கடை திறப்பவர். ஆனால் வள்ளென்று விழுவார். சோமுவுக்கோ தேன் ஒழுகும் குரல். "போர்டுல என் நம்பரை மட்டும் போடு தங்கச்சி, வாடகையே வேணாம்" என்று சொல்லியிருந்தார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். போன வாரம் நல்லசாமியிடம் சிவப்புப் பட்டுத்துணி வாங்கினாள். மிச்சக் காசைக் கையில் தராமல் மேசைமேல் வைத்தார். "போயிட்டு வாங்க" என்ற வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பணத்திமிர் என்று நினைத்து வயிறெரிந்தாள். திலகம் தன் மகளின் சடங்குக்கு ஊரையே அழைத்தாள், இவளை மட்டும் அழைக்கவில்லை. அன்றிரவு லீலாவதி அழுதாள். சோமு ஒருவர்தான் மனிதராக நடந்துகொண்டார். பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை புதுவீட்டுக்குக் குடிபோனபோது மனைவியோடு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். நிலைவாசலில் மாவிலைத் தோரணத்தை அவள் கையால்தான் கட்டவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

பிற்பகல் தூறலில் அவள் டவுனுக்குப் போனபோது எதிரே வந்தவர்கள் பாதி பனியாகவும் பாதி மனிதராகவும் தெரிந்தார்கள். இரண்டு பேர் அவளைக் கண்டதும் தலை குனிந்தார்கள். செத்தது மாமா இல்லை, நான்தானோ, அது தெரியாமல்தான் நடமாடுகிறேனோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றிவிட்டது. நடையை எட்டிப் போட்டாள்.

அவள் தேடிப்போனது அழகேசனை. கோலசிலாங்கூர் போலீஸில் கார்ப்பரல். அவள் தம்பியோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவன். எப்போதும் அரைத் தூக்கத்தில் இருப்பவன்போலக் கண். அந்தக் கண்ணை நம்பி ஏமாந்த திருடர்கள் ஏராளம்.

"இதைக் கேஸாப் பதிய முடியாதுக்கா," என்றான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "ஆனா இன்னைக்கு எனக்கு லீவு. வாங்க, காலாற நடப்போம். நீங்க எங்கேயும் வாயைத் திறக்கக்கூடாது. வெளியவே நில்லுங்க."

பிற்பகல் மூன்று மணி. நல்லசாமி துணிக்கடை.

"லீலாவதிக்கு வந்த போனுக்கெல்லாம் என்ன பதில் சொன்னீங்கய்யா?"

"அடுத்த மாசம் பார்க்கலாம்னேன். துக்க வீடு, வேற என்ன சொல்ல?"

"யாரு சொல்லித் தெரியும்?"

"பொங்கல் கழிச்சு சபாக்கிலேர்ந்து துணி எடுக்க வந்தவங்க சொன்னாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல தம்பி. செல்லன் அண்ணனை எனக்கு எத்தனை வருஷமாத் தெரியும்!" அவர் துணிச்சுருளை மூலையில் சாத்தினார். "சாவுக்குச் சொல்லாத வீட்டுல நாமளாப் போய் விசாரிக்க முடியுமா? மனசு ஆறவே இல்ல."

வெளியே நின்ற லீலாவதி உள்ளே போக ஓரடி எடுத்துவைத்து, அழகேசன் சொன்னது நினைவு வந்து நின்றாள்.

திலகம் தையற்கடையிலும் அதே கதை. கல்யாண ரவிக்கை தைக்க வந்தவள் யாரோ சொன்னாளாம். "சடங்குக்கு அழைச்சா அவ மனசு நோகும்னுதான் விட்டேன் தம்பி. அழைக்காம விட்டதுல எனக்கும் தூக்கமில்ல."

சோமு ஸ்டூடியோவின் கண்ணாடிக்குப் பின்னால் புதுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. தாமரைத் தூண் வைத்த மணவறை, தெர்மோகோலில் செய்தது. யார் கட்டியது என்று லீலாவதி முன்பே கேட்டிருக்கிறாள். கிள்ளான் டவுன் ஆளுங்க என்று சோமு சொல்லியிருந்தார். இப்போதும் அதையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பொங்கலுக்கு முன்னாடி தஞ்சோங் காராங் பையன் ஒருத்தன் போன் பண்ணானே, நீங்களா பேசினீங்க?" என்று உள்ளே அழகேசன் கேட்டது காதில் விழுந்தது.

"இருக்கலாம் லா. அப்பவே ஊர் பூராப் பேச்சு. செல்லன் தவறிட்டாருன்னு நானும் கேட்டேன். கூப்பிட்டவங்க கிட்ட மறைக்க முடியுமா? நல்ல காரியத்துக்குக் கேக்கிறாங்க, பாவம் வரும்."

"நிச்சயமா அப்பவே நம்பினீங்க?"

"நம்பாம? கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அழகேசன் கொட்டாவி விட்டான். "சாயங்காலம் நல்லசாமி கடைக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க. சும்மா பேசலாம்."

ஐந்து மணிக்கு நல்லசாமி கடை வாசலில் அழகேசனின் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நல்லசாமி கையிலிருந்த கஜக்கோல் கீழே விழுந்தது. அழகேசன் சொல்லி வந்திருந்த திலகம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

"உட்கார நாற்காலி இருக்கா?" என்றார் செல்லன். "செத்ததுலேர்ந்து காலு ரொம்ப வலிக்குது."

சோமு அவசரமாகச் சிரித்தார். "நல்லவேளை, எல்லாம் வதந்தி! யாரோ கிளப்பி விட்டுட்டாங்க."

"யாருன்னு பார்த்துடலாம்," என்றான் அழகேசன். அரைத்தூக்கம் கலைந்திருந்தது. "மூணு பேருமே போன்ல ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கீங்க. ஆனா சாவை நம்பினவங்க நடந்துக்கிற விதம் வேற. நல்லசாமி ஐயா காசைக் கையில குடுக்கல, போயிட்டு வாங்கன்னு சொல்லல. திலகம் அக்கா சடங்குக்கு அழைக்கல. லீலாவதி அக்கா அதை அவமானம்னு நினைச்சாங்க. அது அவமானம் இல்லக்கா. துக்க வீட்டுக்குக் குடுக்கிற மரியாதை."

அவன் சோமுவின் பக்கம் திரும்பினான்.

"நீங்க பொங்கலுக்கு முன்னாடியே நம்பினேன்னு சொன்னீங்க. பொங்கல் கழிஞ்ச வெள்ளிக்கிழமை உங்க புதுவீட்டு நிலைவாசல்ல தோரணம் கட்டினது யார் கை?"

சோமு மூலையில் சாத்தியிருந்த தன் குடையைப் பார்த்தார்.

"துக்க வீட்டுப் பொம்பளையை வெற்றிலை பாக்கு வச்சுக் கூப்பிட்டு, புதுவீட்டு வாசல்ல தோரணம் கட்டவிடற தமிழன் இந்த ஊர்ல இருக்கானா? சாவு பொய்னு தெரிஞ்ச ஒருத்தர்தான் அதைச் செய்வார். கண்ணாடியில மாட்டியிருக்கிற தாமரை மணவறை கிள்ளான் ஆளுங்களோடது இல்ல, உங்க மச்சானோடது. விசாரிச்சுட்டேன். சாவுன்னு சொல்லி நீங்க திருப்பிவிட்ட கல்யாணமெல்லாம் அவர்கிட்டதான் போயிருக்கு. மத்த ரெண்டு நம்பரும் போர்டுல வராம, உங்க நம்பர் மட்டும் வந்துட்டா, அக்காவுக்கு வர்ற அத்தனை கல்யாணமும் உங்க மச்சான் வாசலுக்குப் போகும். அதான் வாடகை வேணாம்னீங்க."

சோமுவின் தேன் குரல் எங்கோ போய்விட்டது. குடையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தூறலில் இறங்கினார்.

"எனக்கு அஞ்சலி செலுத்தாமலே போறாரு பாரு," என்றார் செல்லன்.

லீலாவதி எதிர்ச்சாரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏணிமேல் காத்திருந்த பெயிண்டர் வீரனைக் கூப்பிட்டாள். நல்லசாமி கடை நம்பரைச் சத்தமாகச் சொன்னாள். நல்லசாமி விழுந்த கஜக்கோலை எடுத்து வைத்தார். போர்டில் விட்டிருந்த இடம் சிவப்பாக நிறைந்துகொண்டு வந்தது.

புறப்படும்முன் குங்குமச் சிமிழ் ஒன்று வாங்கி நோட்டை நீட்டினாள். நல்லசாமி மிச்சத்தை எண்ணினார். மேசைமேல் வைக்கவில்லை. அவள் உள்ளங்கையைப் பார்த்து அதில் வைத்து அழுத்தினார்.

"போயிட்டு வாங்கம்மா," என்றார்.

லீலாவதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே, "வரேன்யா," என்றாள். அப்போது கல்லாவின் பக்கத்தில் போன் அடித்தது. நல்லசாமி எடுத்தார். வழக்கம்போல வள்ளென்று விழுந்தார்.

"ஆமா, லீலாவதி மணவறைதான். யாரும் சாகல. என்னைக்கு முகூர்த்தம், அதைச் சொல்லுங்க."