சில வேளை எரிகிற மெஷின்

பட்டனை அழுத்தினாள்... திரையில் வெளிச்சம் எரியவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள்... அப்போதும் இல்லை.

லண்டன் ஹவுன்ஸ்லோ பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போன் திருத்தும் குட்டிக் கடையின் வாசலில் கோசிகா நின்றாள். கைக்குள் இருந்தது, இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று காட்டும் மெஷின். பத்து வயதிலிருந்து அவளுக்கு நீரிழிவு வருத்தம். எண் தெரியாமல் எப்படி இன்சுலின் ஊசி போடுவது? கூடப் போட்டால் மயக்கம், குறையப் போட்டால் ஆஸ்பத்திரி.

அதைவிடப் பெரிய பயம், வெளியே தெரிந்துவிடுமோ என்பது. கலியாணம் ஒப்பேறும்வரை வாயே திறக்காதே என்பது அம்மாவின் கட்டளை. சீனி அளக்கக் கையில் ஒட்டும் சென்சரையும் வேண்டாமென்றுவிட்டார், பார்க்கிறவர்கள் கேட்பார்களாம். பார்மசியில் புது மெஷின் கேட்கலாம்தான்... ஆனால் அங்கே கவுண்டரில் நிற்பது டொலறஸ் அன்ரி. அவருக்குத் தெரிந்தால் பின்னேரத்துக்குள் தோர்ண்டன் ஹீத் தமிழர்கள் வரைக்கும் தெரியும்.

"அண்ணை, இது அம்மாவின்ர. ஒருக்கா எரியுது, ஒருக்கா எரியுதில்லை. பாக்க ஏலுமே?"

கடைக்காரன் நிமிர்ந்தான். அண்ணை என்று கூப்பிடும்படி பெரிய வயசில்லை, அவளைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். சிரிக்காதபோதும் சிரிக்கிற கண்கள்... பெயர் றொஜன், பிரான்சில் வளர்ந்து இங்கே வந்து கடை போட்டவன். மருந்துச் சாமான்களைத் தான் கழற்றுவதில்லை என்று வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டான். போன் பிழையாகக் காட்டினால் யாரும் சாவதில்லை, இது அப்படியில்லை என்றான். அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அதைக் கண்டதும் அவன் கை தானாக நீண்டது. பற்றறியை மட்டும் மாற்றிப் போட்டான். எரிந்தது.

"அண்ணை எண்டு மட்டும் கூப்பிடாதேங்கோ," என்றான், குனிந்தபடியே.

தெருவுக்கு வந்த பிறகுதான் அவள் சிரித்தாள்...

அந்தச் சிரிப்புக்கு ஐந்து நாள்தான் ஆயுள். சனிக்கிழமை மறுபடி இருட்டு. மறுபடி கடை, மறுபடி புதுப் பற்றறி. அவன் அவளுடைய பெயரைக் கேட்டு வாங்கினான், அம்மாவுக்கு எப்படி என்று விசாரித்தான். பொய் சொல்லச் சொல்ல அந்தக் கண்களைப் பார்க்கவே கூசியது. இவனுக்கும் தெரிந்தால்... இப்படியா பார்ப்பான்?

மூன்றாம் தரம் போனது மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை. றொஜன் பற்றறியை அளந்து பார்த்தான், குறையவே இல்லை. அப்படியென்றால் குற்றம் பற்றறியில் இல்லை, அது தொடுகிற தகட்டில். பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடைத்தான். வெள்ளையாக ஏதோ வந்தது. முகர்ந்தும் பார்த்தான்.

"முகப்பவுடர்," என்றான். "இது இடையில நிண்டா பற்றறி ஒருக்காத் தொடும், ஒருக்காத் தொடாது. இதை எங்கை வைக்கிறனியள்?"

"என்ர பவுடர் டப்பாவுக்கை..."

சொன்ன பிறகுதான் வாயைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படாதிருக்க அம்மா கண்டுபிடித்த இடம் அது. அம்மாவின் மெஷினுக்கு மகளின் பவுடர் டப்பாவில் என்ன வேலை? அவன் கேட்கவில்லை. அவளுடைய விரல் நுனிகளைப் பார்த்தான், ஊசி குத்திய சின்னச் சின்னப் புள்ளிகளை. அவ்வளவுதான். கையை இழுத்துக்கொண்டு, மெஷினையும் விட்டுவிட்டு, மழைக்குள் ஓடினாள்.

பஸ் தரிப்பிடப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தக் குளிரிலும் வியர்த்தது. பயத்தில் நடுங்குகிறேனா, சீனி இறங்கி நடுங்குகிறேனா? வருகிற பஸ்ஸின் இலக்கம் மங்கிக்கொண்டே போனது. இங்கேயே விழுந்துவிடுவேனோ...

"கோசிகா, கையைத் தாங்கோ."

றொஜன் தொப்பலாக நனைந்து நின்றான். ஒரு கையில் மெஷின், மற்றதில் ஒறேஞ் ஜூஸ். அவள் விரலைக் குத்தினாள். மெஷின் எரிந்தது... மூன்று தசம் ஒன்று. நாலுக்குக் கீழே போகக்கூடாது, பிரச்சினைதான். அவன் ஜூஸைப் பிடித்துக் குடிக்க வைத்தான். பக்கத்தில் இருந்தான். மூன்று பஸ் போயிற்று. கால் மணி கழித்துப் பார்த்தபோது ஐந்துக்கு ஏறியிருந்தது.

"அம்மாவுக்கில்லை... எனக்குத்தான்," என்றாள். வெளி ஆள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தன் வாயால் யாருக்கும் போகாது என்றான். ஆனால் துடைத்த மெஷினை நம்பக்கூடாது, இன்றைக்கே புதுசு எடுக்கவேண்டும் என்றான். பிறகு காலி ஜூஸ் போத்தலை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"நான் ஒரு பிழை விட்டிட்டன். முதல் நாள் நீங்கள் போனாப்பிறகு, இது திரும்பவும் பழுதாகோணும் எண்டு நினைச்சன். பழுதானாத்தானே வருவியள்... அது உங்கட உயிர் எண்டு எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, கோசிகா. இப்ப இன்னும் கூட."

அவளுக்கு அழுகை வந்தது. பயம் போய்விடவில்லை. அம்மாவின் முகம் வந்தது, பார்மசிக் கவுண்டரும் நினைவில் வந்தது. ஆனாலும் எழுந்தாள். அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பார்மசி ஆறு மணிக்குப் பூட்டிப்போடும். அங்கை டொலறஸ் அன்ரி நிப்பா, தனியப் போகப் பயமாக்கிடக்கு... வாறியளே?"

"வாறன். ஆனா அந்த அன்ரி நான் ஆரெண்டு கேப்பா."

"கேக்கட்டும்," என்றாள் கோசிகா. "நான் சொல்லுவன்."