ரூபினாவின் இறால் தொட்டி

ராயபுரத்தில் எல்சியின் வீட்டு வாசலை மிதிக்கும்போதே ரூபினா ஒரு முடிவோடுதான் வந்தாள்: கொன்றவன் ஜெயவேல்.

"ஆன்ட்டி, என் எறாவையெல்லாம் சாவடிச்சிட்டான்."

சுங்க இலாகாவில் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற எல்சி, அவளை உட்காரவைத்துக் கேட்டார். மெக்கானிக் ஷெட்டுக்கு அன்று மட்டம் போட்டிருந்த அவருடைய அக்கா மகன் நோயல், காதைத் தீட்டிக்கொண்டான்.

ரூபினா விலங்கியல் இரண்டாம் ஆண்டு. ஆராய்ச்சியில் நாட்டமுள்ள இளநிலை அறிவியல் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகைக்கு அவளும் வகுப்புத் தோழன் ஜெயவேலும் கடைசிச் சுற்றில் இருந்தார்கள். கிடைக்கப்போவது ஒருவருக்கு. எண்ணூர் கழிமுகத்து இறால் எவ்வளவு சூடு தாங்கும் என்பது அவள் ஆய்வு. நாளை நேர்காணலுக்கு உயிருள்ள இறாலோடு போகவேண்டும். இன்று காலை எழுந்து பார்த்தால் அத்தனையும் செத்து மிதந்தன.

"நேத்து சாயங்காலம் வூட்டுக்கு வந்தான். நான் டீ போடப் போனப்போ தொட்டிகிட்ட தனியா இருந்தான். புகார் டைப் பண்ணி வெச்சிக்கீறேன். அனுப்புனா அவன் கதை முடிஞ்சிது."

"கொஞ்சம் பொறு. முதல்ல தொட்டியைப் பார்ப்போம்," என்றார் எல்சி.

கல்மண்டபத்து வீட்டுக்கு அவர்கள் போனபோது, ஐஸ் லோடு வேலை முடிந்து ரூபினாவின் தந்தை ஜஹாங்கீரும் வந்து சேர்ந்தார். விருந்தாளிகளைக் கண்டதும் கடைக்கு ஓடி சோடா வாங்கி வந்து நீட்டினார்.

நோயல் தொட்டிக்குள் மூக்கை விட்டான். "சித்தி, பிளீச்சிங் வாசனை வருது. பவுடர் போட்டுக்கீறான்."

"தண்ணி எப்பவும் இவ்வளவு தெளிவா இருக்குமா?" என்று எல்சி கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி. கழிமுகத்துத் தண்ணி, கலங்கலாத்தான் இருக்கும்."

எல்சி கண்ணாடியின் உட்புறத்தை விரலால் தடவினார். பாசி வழுக்கவில்லை. "பவுடர் போட்டிருந்தா பாசி இங்கேயேதான் ஒட்டியிருக்கும். யாரோ தேய்ச்சுக் கழுவி, தண்ணியையே மாத்தியிருக்காங்க. கொல்ல வந்தவன் கண்ணாடியைத் துடைச்சுட்டா போவான்?"

நோயலின் பெருமை சோடாவோடு உள்ளே இறங்கிப்போனது.

"லாரித் தண்ணி எப்போ வந்துச்சு?" என்று எல்சி கேட்டார்.

"நேத்துதான். ஜெயவேல் போனப்புறம்," என்றாள் ரூபினா.

"அப்போ குடமெல்லாம் நிறைஞ்சிருக்கணும். அதோ, எல்லாம் கவுந்து கிடக்கு. வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி இல்லாம உங்க அத்தா சோடாவுக்கு ஓடுறார். லாரித் தண்ணியில குளோரின் இருக்கும், அந்த வாசனைதான் இது. இறாலுக்கு விஷம். குடத்துத் தண்ணி எங்கே போச்சுன்னு அவரையே கேளு."

ஜஹாங்கீர் தொட்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நாந்தாம்மா. நீ தூங்குனப்புறம் மாத்துனேன். பெர்ய ஆளுங்க பாக்கசொல்லோ கலீஜா கீதேன்னு... நாம குடிக்கிற தண்ணியத்தான் ஊத்துனேன். அத்த குட்ச்சா சாவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

ரூபினாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு குடத்துக்காக வரிசையில் மல்லுக்கட்டும் மனிதர், வீட்டுத் தண்ணீர் முழுவதையும் இறாலுக்கு ஊற்றியிருக்கிறார். செல்போனில் காத்திருந்த புகார்தான் அவளைச் சுட்டது. அதை அழித்தாள். பிறகு ஜெயவேலை அழைத்தாள்.

"எறாவெல்லாம் செத்துப்போச்சுடா. நாளைக்கு..."

அவன் முடிக்க விடவில்லை. "எண்ணூருக்குக் கெளம்பு. என்கிட்ட வலை கீது. பக்கெட் மட்டும் எட்துனு வா."

ஜஹாங்கீர் அதற்குள் பக்கெட்டைத் தூக்கிவிட்டார்.

"நானும் வரேம்மா."

"வா அத்தா," என்றாள் ரூபினா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா எதையும் கழுவாதே."