ஏழு வோல்ட் அமைதி

நிலவின் அல்லிப்பள்ளக் குடியிருப்பில் அன்று பெண் பார்க்க வந்தார்கள். காலணியில் ஒட்டிவரும் நிலாத்தூசியைத் தட்டக் காந்தத் துடைப்பம் வாசலில் தயாராக இருந்தது. பக்கத்துப் பள்ளத்திலிருந்து நான்கு மணி நேரம் ஊர்தியில் வருபவர்களுக்குக் கேசரி கிளறியாயிற்று. ஐந்து பேருக்கான பிராணவாயுவும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து வாங்கியாயிற்று. பெண்ணின் அம்மா வேதவல்லிக்கு மிச்சமிருந்த கவலை விசிறி ஒன்றுதான்.

அங்கே ஒவ்வொரு வீட்டின் காற்றையும் தண்ணீரையும் கதவையும் நடத்துவது சுவருக்குள் இருக்கும் இல்லக்கணினி. அது சூடேறாமலிருக்க ஒரு விசிறி ஓயாமல் இரையும். இந்த வீட்டு விசிறியோ அரதப்பழசு. போன வரனின் தாய்மாமன், "இது வீடா, ராக்கெட் விடற எடமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், பிறகு தகவலே இல்லை. மகள் பூங்கோதை அதற்காக வருந்தவில்லை. ஆனால் இன்று வருகிற பரிதி பனிச்சுரங்கத்தில் அவளோடு வேலை பார்ப்பவன். இருவருக்கும் மனம் ஒத்துப்போயிற்று, பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. இதுவும் கெட்டுப்போனால் அவள் தாங்கமாட்டாள்.

அப்பா மகுடபதி காற்றுக்குழாய் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். விசிறிக்குப் போய்க்கொண்டிருந்த பன்னிரண்டு வோல்ட்டை, ஒரு வயரை இடம் மாற்றி ஏழாகக் குறைத்தார். விசிறி மெல்லச் சுழன்றது. கணினி கொஞ்சம் சூடாகும், இரண்டு நாளைக்குத் தாங்கும் என்றார். வீட்டில் முதன்முறையாகச் சத்தம் அடங்கியது. வேதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

வந்தவர்களும் அசந்துபோனார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று பரிதியின் அம்மா கோமளம் தன் ஆட்களோடு உள்ளறைக்குப் போகும்வரை.

நிலவுக்கு ஒவ்வொரு கிலோவும் பூமியிலிருந்து வர வேண்டியிருந்ததால் சுவர்கள் அப்பளக் கனம்தான். விசிறி இரைச்சலிலேயே மூன்று தலைமுறை வளர்ந்ததால் ரகசியம் பேசவும் யாருக்கும் தெரியாது. கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பூங்கோதைக்கும் பரிதிக்கும் உள்ளறையில் கோமளம் பேசியது தெளிவாகக் கேட்டது.

"பொண்ணு தங்கம்தான். அப்பன்தான் குழாய்க் கதையா பேசிக் கொல்றாரு. கேசரியில சக்கரைய கண்ணுலயே காட்டல."

அடுத்த நொடி சமையலறையிலிருந்து மகுடபதியின் குரல் வந்தது. "சக்கரை போதலியாம்ல. அந்தம்மா சிரிச்சா காத்துக்கதவு பிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

இரண்டு அறைகளும் கப்சிப் ஆயின. உள்ளறையில் யாரோ பையை எடுத்துக்கொள்ளும் ஓசைகூடக் கேட்டது.

பூங்கோதை எழுந்தாள். சுவர் மூடியைத் திறந்து வயரைப் பழைய இடத்தில் செருகினாள். பன்னிரண்டு வோல்ட்டும் பாய்ந்து விசிறி அலறத் தொடங்கியது. பூமியில் இருந்த காலத்தில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு விருந்தாளியைப் பற்றிப் பேசிய இனம்தானே இது.

உள்ளறையில் என்ன பேசினார்கள், சமையலறையில் என்ன திட்டினார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது. கால் மணி நேரம் கழித்து இரு தரப்பும் முகம் மலர வெளியே வந்தன. கோமளம் இன்னொரு கிண்ணம் கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழாயைப் பற்றி மகுடபதியிடம் அவரே இரண்டு கேள்வி கேட்டார். பூங்கோதைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சீர்வரிசை எதுவும் வேண்டாம் என்ற கோமளம், புறப்படும்போது மகுடபதியின் காதருகே வந்து கத்தினார்.

"புள்ளைங்க தனிக்குடித்தனம் போற வீட்டுக்கு விசிறி மட்டும் நீங்க வாங்கிக் குடுத்துடுங்க, சம்பந்தி. நல்லா இரையற மாதிரி."

"ரெண்டா வாங்கிடறேன்" என்று மகுடபதியும் கத்தினார்.