காலியாக வந்த பாட்டு

தமிழ்செல்விக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரே பாட்டை இரண்டு வாரத்தில் நான்கு முறை பதிவு செய்தால் யாருக்குத்தான் கட்டாது?

கிருஷ்ணகிரியில் அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவன் ஹரீஷ்குமார். இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு கட்டினார்கள். இவள் பாடுவாள், அவன் கீபோர்டு வாசிப்பான். பாட்டு பாதியில் நிற்கும்போது அவன் வீட்டார் போச்சம்பள்ளிக்குக் குடிபோய்விட்டார்கள்.

நல்லவேளை, இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்டு. கணினியில் பதிவு செய்த பாட்டு ஒரு பென் டிரைவில் ஏறும். அப்பாவின் சாப்பாட்டுப் பையில் உட்கார்ந்து கம்பெனி பஸ்ஸில் போகும். அதே வழியில் ஹரீஷ் கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்தது திரும்பி வரும். அப்படித்தான் ஏற்பாடு.

ஆனால், "உன் குரலே கேக்கல. மறுபடி பாடி அனுப்பு. நான் ஞாபகத்துலயே வாசிச்சிருக்கேன்" என்று ஒரு சீட்டு வந்தது. அவன் அனுப்பியதைத் திறந்தால் திரையில் தட்டையான கோடுதான். சத்தமே இல்லை.

நான்கு தடவையும் இதே கதை. தன் வீட்டில் ஜோராகக் கேட்கும் பாட்டு அவன் வீட்டில் மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்? அவனுக்கு வாசிக்கச் சோம்பல், அதை மறைக்க ஒரு சாக்கு. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினாள்.

"நீ வாசிக்கவே இல்ல. பொய் சொல்ற. இனிமே பாட்டு வேணாம்" என்று எழுதி அப்பாவின் பையில் போட்டாள். பாட்டு நின்றால் பேச்சும் நின்றுவிடும் என்று தெரியும். வருத்தமாகத்தான் இருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

பென் டிரைவ் அவனுடையது. கடைசியாகத் தன் பாட்டை அதில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நகலெடுத்தாள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

தமிழ்செல்வி யோசித்தாள். போன வாரம் ஒரே ஒரு கல்யாண போட்டோவை நகலெடுக்கவே இதைவிட நேரமானது. மூன்று நிமிடப் பாட்டு இத்தனை சீக்கிரம் எப்படி ஏறும்?

அவள் கணினியில் அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே புரியாத பெயர்களில் நூறு துண்டுகள். ஏதோ குப்பை என்று இதுவரை அதைத் தொட்டதில்லை. இப்போது ஒன்றைத் திறந்தாள். அவள் குரல் ஆறு விநாடி பாடிவிட்டு நின்றது.

அப்படியானால் சத்தம் முழுதும் இந்தத் துண்டுகளில்தான் இருக்கிறது. இத்தனை நாள் போனது வெறும் கோடு. குரல் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஹரீஷும் அதே தவறைத்தான் செய்திருக்கிறான். அவன் வாசித்திருக்கிறான்!

ஃபோல்டரை நகலெடுக்கப் போட்டாள். பழைய கணினி நகர்ந்து நகர்ந்து போனது. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். அப்பா பூபதி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"பஸ்சு நிக்காது சாமி. நாளைக்குக் குடுத்துக்கலாம்."

"அஞ்சே நிமிசம்ப்பா. தப்பா ஒரு சீட்டு எழுதிட்டேன். அது போயிரக் கூடாது."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பழைய சீட்டைக் கிழித்துப் புதிதாக எழுதினாள்: "ஃபோல்டரையும் சேத்து அனுப்பு. அதுலதான் சத்தம் இருக்கு. நீ வாசிக்கலன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சுக்கோ."

அப்பா பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மூன்றாம் நாள் காலை அவள் எழுந்தபோது அப்பாவின் பையில் பென் டிரைவ் திரும்பி வந்திருந்தது. திறந்தாள். அவன் வாசித்த கீபோர்டுப் பதிவுகள் திரையில் நான்கு வரிசையாக இருந்தன. நான்கு முறையும் ஒரு இடம்கூட விடாமல் வாசித்திருந்தான். நான்காவதில் கை ஓய்ந்துபோயிருந்தது நன்றாகவே கேட்டது.

கூடவே ஒரு சீட்டு: "நானும் நீ பாடவே இல்லன்னு நெனச்சிட்டேன். இப்ப எல்லாம் கேட்டேன். உனக்குத் தொண்டை கட்டியிருக்கு. நாலு நாள் பாடாத. பாட்டு எங்கயும் ஓடிப்போகாது."

தமிழ்செல்வி கணினியை நிறுத்தினாள். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த அப்பா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பாயை விரித்துப் படுத்தாள். இரண்டு வாரத்துக்கும் சேர்த்து நிம்மதியாகத் தூங்கினாள்.