வாசலில் கழற்றி வைத்தது

கால்மிதி சூடாக இருந்தது.

வேலை முடிந்து வந்து, மூன்றாவது மாடியில் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். வெயில் எட்டிப் பார்க்காத நடை அது. பகலிலும் விளக்கைப் போட்டால்தான் சாவித் துவாரம் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் கால்மிதியின் நடுப்பகுதி மட்டும், யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல், வெதுவெதுப்பாக, லேசான ஈரத்தோடு இருந்தது. குனிந்து முகர்ந்தாள். காய்ச்சலில் கிடப்பவர்களின் தலையணையில் வரும் வாடை. மருத்துவமனை வாடை தன் புடவையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். சமாதானம் சொல்வதுதானே அவள் பிழைப்பு.

அவள் மனநல ஆலோசகர். இனி குணமாக வழியில்லை என்று ஆனவர்களைக் கூடிய மட்டும் வலி தெரியாமல் வைத்திருக்கும் பிரிவில் வேலை. மாத்திரையும் ஊசியும் மருத்துவர்கள் பொறுப்பு, மனசு இவள் பொறுப்பு. கணவன் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை வந்து போகிறவன். ஒன்பது வயது மகள் நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, தன்னிடம் இருக்கும் சாவியால் திறந்து, உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, அம்மா வரும்வரை தனியாக இருப்பாள். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்பது சட்டம். அந்தத் தாழ்ப்பாளை நம்பித்தான் இவள் வேலைக்குப் போய் வந்தாள்.

அந்தப் பிரிவின் ஜன்னலோரக் கட்டிலில் ஐந்து மாதமாகப் படுத்திருந்தவள் டீச்சர். ஐம்பது வயது, கணக்கு டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவள். வருகிறேன் என்று சொல்லி வராமல் இருப்பதில் கைதேர்ந்த தம்பி ஒருவன் உண்டு. நோய் முதுகெலும்புக்குள் இறங்கியிருந்தது. வலிக்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று முதல் நாள் இவள் கேட்டபோது, பத்துக்கு மேல் போட அனுமதி உண்டா என்று திருப்பிக் கேட்டாள். இவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவாள். நான் டாக்டர் இல்லை என்று நாலு தடவை சொல்லியாயிற்று. அது தெரிந்ததால்தான் உன்னிடம் வாயைத் திறக்கிறேன் என்பாள். ஒரே வாரத்தில் 'நீ' என்று பேச ஆரம்பித்துவிட்டாள். நோயாளியோடு நட்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று வகுப்பில் படித்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டை இவள் அந்தக் கட்டிலோரத்திலேயே சாப்பிடத் தொடங்கினாள். இவ்வளவு வாய்க்கொழுப்பான சிநேகிதி அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

வலிக்கு இவளிடம் ஒரு வித்தை இருந்தது. கண்ணை மூடி, மனசுக்குள் பத்திரமான ஓர் இடத்தைக் கட்ட வேண்டும். வலியைச் செருப்பு மாதிரி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மற்றவர்கள் கடற்கரை, தோட்டம் என்று எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவார்கள். டீச்சருக்கு அது சரிப்படவில்லை. கடற்கரை எவ்வளவு அகலம், வாசல் எந்தப் பக்கம், எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டாள். பாதி வாழ்க்கை விடுதியிலும் மீதி தம்பி வீட்டுப் பின்னறையிலும் கழித்தவளுக்கு நினைத்துக்கொள்ள ஒரு சொந்த இடம் கிடையாது. இவள்தான் அவசரப்பட்டாள். அன்றைக்கு டீச்சர் தலையணை உறையைக் கடித்துக் கிழித்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், தன் வீட்டையே கொடுத்தாள்.

நோயாளிக்கு உன் இடத்தை இரவல் தராதே என்பது அந்த வித்தையின் முதல் பாடம். ஏன் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

மாடிப்படி ஐம்பத்து நாலு, கதவு ஏழடி, உள்பக்கமாகத் திறக்கும், இடது பக்கம் தாழ்ப்பாள், மூன்று எட்டில் சாப்பாட்டு மேஜை என்று எல்லாவற்றையும் இவள் அளந்து சொல்ல, டீச்சர் மனப்பாடம் செய்தாள். வீட்டில் யார் யார் உண்டு என்பதை மட்டும் இவள் சொல்லவில்லை. ஆளில்லாத வீடு என்றே சொல்லியிருந்தாள். காலை, மதியம், மாலை என்று நாளுக்கு மூன்று வேளை டீச்சர் போய் வந்தாள். ஒன்பதாக இருந்த வலி இரண்டாயிற்று. மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள். பெரிய டாக்டர் இவளை அழைத்து ஒரு கருத்தரங்கில் பேசவைத்தார். கைதட்டினார்கள். அந்த இரண்டு மாதம் இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கால்மிதி.

பிறகு காய்கறி கொண்டுவருகிறவர் பையை இரண்டாவது மாடியிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். உங்கள் வாசலில் நின்றால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மாடிப்படி கூட்டுகிற அம்மாவோ மூன்றாவது மாடியையே விட்டுவிட்டாள். அந்த வாசலில் குனிந்தால் எலும்புக்குள் ஊசி ஏற்றுவதுபோல் இருக்கிறது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். மாலையில் விளக்கெல்லாம் போட்டு, மகள் வீட்டுப் பாடத்தில் மூழ்கியிருக்கும்போது, கதவுக்கு வெளியிலிருந்து மெல்லிய ஒரு சத்தம் வரும், பல்லைப் பல்லோடு வைத்து நெரிக்கிற சத்தம், கொஞ்சம் நின்று, மறுபடியும் பொறுமையாக, விடாமல், இன்னும் வெகுநேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர்கள் நெரிப்பதுபோல. தண்ணீர்க் குழாய் என்று இவள் சொல்லிக்கொண்டாள். கதவைத் திறந்து பார்க்கவில்லை.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு நாள், மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலம். டீச்சர் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். மூச்சு நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் முகத்தில் வலி இல்லை. கண்ணை மூடியபடியே பேசினாள்.

"உன் பொண்ணு பின்னக் கணக்குல தப்பு பண்றா டாக்டரம்மா. மேல இருக்கறதையும் கூட்டறா, கீழ இருக்கறதையும் கூட்டறா. யாரு சொல்லிக்குடுத்தது?"

இவள் பேனாவை மூடி வைத்தாள். அந்தத் தப்பை முந்தின நாள்தான் திருத்திக்கொடுத்திருந்தாள்.

"எனக்குப் பொண்ணு இருக்கான்னு உங்ககிட்ட யார் சொன்னாங்க டீச்சர்?"

"தினமும் பாக்கறேனே. மேஜைகிட்ட உக்காந்திருப்பா. நல்ல புள்ள. ஆனா அவ ஸ்கூல்லருந்து வர்றப்பதான் பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்?"

"வாசல்ல இருக்கு இல்ல, அதுக்கு. மொதல்ல செருப்பாட்டம்தான் கழட்டிப் போட்டேன். வேளைக்கு ஒண்ணு. இப்ப நடை முழுக்க நிக்குது. உன் பொண்ணு சாவி போடறப்ப எல்லாம் திரும்பி அவளைத்தான் பாக்குது."

இவள் கட்டிலோரமாகக் குனிந்தாள். இது மருந்து மயக்கம் என்று சொல்ல வாயெடுத்தாள். காய்கறிக்காரரின் அசட்டுச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. பல் நெரியும் சத்தம். மணி நாலேகால். மகள் இந்நேரம் வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டிருப்பாள்.

"அதை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க டீச்சர்."

டீச்சர் கண்ணைத் திறந்தாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அந்தக் கண்ணில் கேலி இல்லை.

"அஞ்சு மாசத்து வலி. மொத்தத்தையும் நான் ஒரேயடியா மாட்டிக்கணும். தெரிஞ்சுதான் கேக்கறியா?"

தெரிந்துதான் கேட்டாள். பிற்பாடு எத்தனை விதமாக நினைத்துப் பார்த்தாலும் இதில் மட்டும் மாற்றம் கிடையாது. சாகக் கிடக்கிற சிநேகிதி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து விட்டாள். நாற்காலியை அருகில் போட்டுக்கொண்டாள். கருத்தரங்கில் கைதட்டு வாங்கிய அதே இதமான குரலில், மூச்சை இழுங்கள், மெல்ல விடுங்கள், இப்போது வீட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தாள். மேஜையிலிருந்து மூன்று எட்டு வாசலுக்கு. இடது பக்கம் தாழ்ப்பாள்.

டீச்சரின் உடம்பு வில்லாக வளைந்தது. தொண்டையிலிருந்து குரல்கூட வரவில்லை, காற்று மட்டும் வந்தது.

"முடியல. அளவு சரியா இல்ல. எனக்குள்ள அவ்வளவு இடம் இல்ல."

"இன்னும் ஒரு தடவை பாருங்க."

"வேண்டாம்டி. விட்டுடு."

"எனக்காக டீச்சர்."

சொன்ன பிறகு தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. டீச்சர் இவளையே கொஞ்சநேரம் பார்த்தாள். எப்போதும் இரவல் இடத்தில் வாழ்ந்தவள். காலி செய்யச் சொன்னால் செய்துதான் பழக்கம். மறுபடியும் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. காற்றில் கை உயர்ந்து, இடது பக்கம், இல்லாத ஒன்றைப் பிடித்து இழுத்தது.

"தெறந்துட்டேன்" என்றாள்.

அடுத்த மூச்சு வரவில்லை.

இவள் காத்திருந்தாள். தூக்கிய கை விரிப்பில் விழுந்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் எதையும் எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டிக்கொள்ள இனி உடம்பும் இல்லை. திறந்த கதவு மட்டும்தான் மிச்சம். அதை மூட ஆள் இல்லை.

நர்ஸைக் கூப்பிடவில்லை. டீச்சரின் கண்ணை மூடவில்லை. செல்போனைத்தான் எடுத்தாள். வீட்டுப் போன் ஏழு தடவை அடித்தது.

"அம்மா." மகளின் குரல் மிகச் சன்னமாக வந்தது. "தாழ்ப்பாள் தானா நகர்ந்துச்சும்மா. நான் தெறக்கல."

"மூடிடு. ஓடிப்போய் மூடிடு கண்ணு."

"மூட முடியலம்மா. நெறைய பேர் வர்ற மாதிரி இருக்கு. ஆனா யாருமே இல்ல."

போன் தரையில் விழும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

மழையில் ஆட்டோ கிடைக்கவில்லை. ஓடினாள். ஒரு செருப்பு எங்கோ அறுந்து போயிற்று. வழியெல்லாம் ஒன்றையே எண்ணிக்கொண்டு வந்தாள். ஐந்து மாதம். நாளுக்கு மூன்று. நானூற்று ஐம்பது. கூட்டிப் பார்த்தாலும் அதேதான், பெருக்கிப் பார்த்தாலும் அதேதான். கட்டடத்துக்குள் நுழைந்தாள். படி. இன்னும் படி. இரண்டாவது மாடி. கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது.

மூன்றாவது மாடி.

நடை காலியாக இருந்தது. இடுப்பு பிடிக்கவில்லை. எலும்பில் ஊசி ஏறவில்லை. எந்த வாடையும் இல்லை. இந்தச் சில மாதங்களில் அந்த இடம் இவ்வளவு சுத்தமாக இருந்து பார்த்ததில்லை.

கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

மேஜை ஒதுக்கித் தள்ளப்பட்டிருந்தது. நாற்காலிகளும். அறையின் நடுவே தரையில் மகள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு. கீழுதட்டைக் கடித்ததில் ரத்தம் மோவாய் வரை வழிந்து காய்ந்திருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. அந்த மாதிரி முகங்களை இவள் தினமும் வேலையில் பார்க்கிறாள். ஒன்பது வயதில் பார்த்ததில்லை.

"கண்ணு."

மகள் நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால், நடையில், படிக்கட்டில், கீழே வரை பார்த்தாள்.

"வழியில நிக்காதீங்கம்மா" என்றாள், பல்லைக் கடித்தபடி. "இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

பிறகு, யாருக்கோ இடம் போதவில்லை என்பதுபோல், உட்கார்ந்த வாக்கிலேயே சுவர் வரை நகர்ந்து ஒட்டிக்கொண்டு, தன் சின்ன வாயை அகலத் திறந்தாள்.